அச்சான செடி

பள்ளித் தோட்டத்தில் இளவெயில் விழுகிறது. எழுத்தர் வசந்தகாலச் செய்திமடலைத் தோட்டக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். வெள்ளிக்கிழமை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் செடி நடுவார்கள் என்று அதில் அச்சாகியிருக்கிறது. மழையை நம்பித் தோட்டக்காரர் போன வாரமே நாற்பது செடிகளையும் நட்டுவிட்டார். “பிடுங்கித் தொட்டியில வைங்கண்ணே. பிள்ளைங்க திரும்ப நடட்டும். போட்டோ எடுக்கணும்,” என்கிறார் எழுத்தர். “வேர் பிடிச்சிருச்சுய்யா, பிடுங்கினா செத்துரும்!” “போட்டோ வரைக்கும் நின்னாப் போதும்.” தோட்டக்காரரின் கழுத்து நரம்பு புடைக்கிறது. “தப்பா அச்சடிச்சிருந்தா மடலைத் திருத்துங்க. மண்ணை ஏன் திருத்தச் சொல்றீங்க?” “அதெல்லாம் வீடு வீடாப் போயாச்சு.” தோட்டக்காரர் மண் அப்பிய களைக்கொத்தை எழுத்தரின் கையில் திணிக்கிறார். “அப்ப நீங்களே பிடுங்குங்க சார். அதோ, பார்த்துட்டுத்தான் இருக்காங்க.” இரண்டாம் வகுப்பு ஜன்னல் முழுக்க முகங்கள். எழுத்தர் குனியவில்லை.