பளபளத்த விளிம்பு

குழிக்குள் இறங்கி நின்றாலே அவளுக்குத் தண்ணீருக்கு அடியில் நிற்பது போல இருக்கும்.

தலைக்கு மேல் காரின் அடிவயிறு. அதிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் விழும் மழை எங்கோ வெகுதூரத்தில் பெய்வது போலக் கேட்டது. வாகனச் சோதனை நிலையத்தில் சேர்ந்ததிலிருந்து ஊரில் ஓடும் கார்களையெல்லாம் அவள் கீழிருந்துதான் பார்த்துவருகிறாள்.

இன்று மேலே நிற்பது அவள் அண்ணனின் கார்.

பின் சீட்டில் அண்ணன் மகள் ஏறி உட்கார்ந்து ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். பாட்டு சட்டென்று நின்றது.

"அத்தை, கீழ மீன் இருக்கா?"

"இருக்கு. தூங்குது, சத்தம் போடாத."

நாளை விடிந்ததும் குடும்பத்தோடு மலைக்குப் போகிறார்கள். அதற்குள் தகுதிச் சான்று வேண்டும். தங்கை வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருக்கிறான் அண்ணன். நேற்று அவள் கணவரின் லேத் பட்டறையில் விட்டிருந்த கார், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் சண்டித்தனம் செய்ததாம். முதலில் சான்று வாங்கிவிடலாம், ஸ்டார்ட்டைப் பிறகு சரிசெய்து தருகிறேன் என்று கணவர்தான் இழுவை வண்டியில் அதன் முன்பக்கத்தைத் தூக்கி மாட்டி இழுத்து வந்தார். சோதனைக் கூடத்துக்குள் இறக்கி, இரண்டு பேருமாகக் குழியின் மேல் தள்ளி நிறுத்தினார்கள்.

அவள் டார்ச்சை முன் சக்கரத்தின் உட்புறம் திருப்பினாள்.

பிரேக் டிஸ்க்கின் விளிம்பு இருட்டுக்குள் பிறைநிலா போலப் பளபளத்தது.

ஓடிய டிஸ்க் என்றால் விளிம்பில் துரு இருக்கும். புது டிஸ்க் என்றால் பெயிண்ட் இருக்கும். இப்படி வெள்ளையாகப் பளபளத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேறு ஏதோ பெரிய காரின் டிஸ்க்கை மலிவாக வாங்கி, அது உள்ளே நுழையாததால் ஓரத்தைக் கடைந்து திணித்திருக்கிறார்கள். பிரேக் கட்டையின் ஓரம் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஊருக்குள் ஓட்டினால் தாங்கலாம். மலையிறக்கத்தில் எத்தனை வளைவுக்குத் தாங்கும்?

விளிம்பை விரலால் தடவினாள். விரலைக் கிழிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் பட்டறையில் ஒரு டிஸ்க்கைத் தூக்கப் போய் விரலைக் கிழித்துக்கொண்டவள் அவள். அன்றிலிருந்து கணவர் எதைக் கடைந்தாலும் ஓரத்தை இரண்டு தடவை மழுக்கித்தான் கையை எடுப்பார். ஊரில் வேறு எந்த லேத்காரரும் அந்த மெனக்கெடலைச் செய்வதில்லை.

முதலில் கோபம்கூட வரவில்லை. வெட்கமாக இருந்தது. பிறகு பயம் வந்தது.

சட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கடைந்த டிஸ்க்கோடு கார் சாலையில் ஓடியிருந்தால் ஓட்டியவனுக்கு அபராதம், கடைந்தவரின் பட்டறைக்குப் பூட்டு. கண்டுகொள்ளாமல் ஒரு கையெழுத்துப் போட்டால் பட்டறை பிழைத்துக்கொள்ளும். கார் நாளை மலையேறும்.

பாட்டு மறுபடி தொடங்கியது. நேர் மேலே ஒரு சின்னக் கால் தாளம் போட்டது.

அண்ணன் எப்படிக் கேட்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன். லேசாகச் சுரண்டிவிடுங்கள் மாப்பிள்ளை, யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்றிருப்பான். கணவரோ மச்சான் முன்னால் வாயில்லாப் பூச்சி. தாட்சண்யத்துக்குக் கழுத்தையே நீட்டுகிற மனுஷன். இந்த முறை பிள்ளையின் கழுத்தையும் சேர்த்து நீட்டியிருக்கிறார்.

குழியின் படிகளில் ஏறினாள். மேலே வரவர மழைச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"வண்டி ஃபெயில் அண்ணா. பிள்ளையை இறக்கு."

அண்ணன் வாயைத் திறந்தான். அவள் நிற்கவில்லை. கணவரிடம் கேட்க ஆயிரம் இருந்தது. இந்நேரம் கிளம்பிப் போயிருப்பார் என்று நினைத்துத்தான் வாசலுக்கு வந்தாள்.

அவர் போகவில்லை. இழுவை வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பி வாசலை ஒட்டி நிறுத்தி, கொக்கியையும் கீழே இறக்கி வைத்துவிட்டு மழையில் நனைந்தபடி நின்றிருந்தார்.

அவளைக் கண்டதும் உள்ளே அண்ணன் இருந்த பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மச்சான்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. உனக்கு வரும்னு தெரியும்."

ஈரக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு எதையோ எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

நீல நிறத்தில் ஒரு சின்ன ஃப்யூஸ். டிஸ்க்கை மாட்டிய கையோடு, கார் ஸ்டார்ட் ஆகாதபடி அதைக் கழற்றி வைத்திருக்கிறார். அந்த முன் சக்கரங்கள் சாலையில் இன்னும் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை.