பின்கதவு

மனைவி ஏறுவதற்குள் மல்வேர்ன் போகிற பஸ் கதவைச் சாத்திவிட்டதென்று வீரக்குட்டி அதன் கண்ணாடியை உடைத்தார். மனைவி மட்டக்களப்பில் செத்து நான்கு வருடமாகியிருந்தது. நீதிமன்றம் அவரை மறியல்வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒரு வருடம் நகரசபைக் கிளினிக்குக்குப் போய் ஒழுங்காக ஊசி போடவேண்டும் என்றது.

காரில் கூட்டிப்போனவன் நான். வட துருவம்வரை தேடினாலும் என்னைப்போல ஓட்டுநர் கிடையாது. என் காரைப்போல ஹீட்டர் செத்த காரும் கிடையாது. உள்ளே இருமினால் ஐஸ்கட்டி விழும்.

முதலில் வீரக்குட்டி பின்கதவைத் திறந்து, மனைவியின் சேலை உள்ளே போகும்வரை பொறுத்துச் சாத்திவிட்டுத்தான் முன்னால் ஏறுவார்.

"தங்கச்சி, பெல்ட்டைப் போடுங்கோ, பொலிஸ் நிக்குது" என்பேன்.

"சிரிக்கிறாள் அண்ணன்" என்பார்.

ஊசி வேலை செய்தது. பின்கதவைத் திறப்பது நின்றது. டொக்டருக்குப் பெரிய சந்தோஷம்.

கட்டளை முடிந்த நாள், தன் கட்டிடத்து வாசலில் இறங்கியவர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார்.

"ஆருமில்லதானே அண்ணன்?"

"பாத்தால் தெரியாதே?"

"தெரியிதில்லயே. பஸ்காரனோட சண்டை பிடிச்ச நான், கடைசியில நானே அவளுக்குக் கதவத் திறக்காம விட்டுட்டன்."

பனிக்குள் நடந்து போனார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டுக் கண்ணாடி மூச்சுப் பட்டு வெளுத்திருந்தது. கூப்பிட்டுச் சொன்னால் ஊசி இரண்டு பேருக்கும்தான்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளையில் உள்ளங்கையளவு இடம் துடைபட்டது, அவர் போன பக்கமாக.