மூன்றாம் அறையின் சிவப்பு வெளிச்சம்

"மூணாம் நம்பருக்குள்ள ஆரு கருவாடு பொரிச்சது?"

கதவைத் திறந்ததும் ஹயாத்து முகம்மது மூக்கைப் பொத்திக்கொண்டார். அறையைத் துடைத்து விரிப்பு மாற்றிவிட்டு வந்த ஜுனைதா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆரும் பொரிக்கல்ல நானா." ஹோட்டல் முதலாளியை அவள் அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவாள்.

சுவரில் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தார். அறைக் காற்று நல்லதென்றால் பச்சை வெளிச்சம், கெட்டதென்றால் சிவப்பு. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

எட்டு அறைக்கும் போன மாதம்தான் புது ஏசி பூட்டியிருந்தார். பழையது அறைக்குள் கிடக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிராக்கும். இது வெளியிலிருந்து புதுக்காற்றை இழுத்து, தூசியை வடித்து உள்ளே அனுப்பும். 'ஜன்னல் திறக்காமலே கடற்காற்று' என்று வாசலில் போர்டும் மாட்டியிருந்தார்.

நாலு மணிக்குக் கொழும்பிலிருந்து சுற்றுலாக் கொம்பனி ஆட்கள் அறை பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் டொல்பின் பார்க்கக் கற்பிட்டிக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் இந்த சீசன் முழுக்க இங்கேதான். பிடிக்காவிட்டால் போன சீசன் மாதிரி பாதி அறை பூட்டிக் கிடக்கும். இன்னொரு சீசன் அப்படிப் போனால் ஹோட்டலையே பூட்ட வேண்டியதுதான்.

தொண்ணூறில் முஸ்லிம்களை யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தியபோது உடுத்த உடுப்போடு வந்து, கல்லுக் கல்லாக எழுப்பிய ஹோட்டல்.

"வெளிக்காத்துத்தானே உள்ளுக்கு வருகுது. அப்ப வெளியில ஆரு நாறடிக்கிறது?"

கேட்டுவிட்டு அவரே வேலிப் பக்கம் திரும்பினார். வேலிக்கு அங்கால் கத்தரினாவின் மீன்வாடி. ஒவ்வொரு சீசனுக்கும் சிலாபத்திலிருந்து வந்து, ஓலைக் கொட்டில் போட்டு, கட்டா மீனைக் கீறி உப்புப் போட்டுத் தட்டிகளில் காய வைக்கிற மனுஷி.

"நானா, அது வந்து..." என்று இழுத்தாள் ஜுனைதா.

"நீ போய் மத்த அறையளப் பாரு."

விறுவிறென்று மணலில் இறங்கி நடந்தார்.

"இஞ்ச பாருங்க அக்கா, உங்கட கருவாட்டு நாத்தம் என்ட அறைக்குள்ள நிக்குது."

கத்தரினா உப்புக் கையோடு நிமிர்ந்தாள். "கருவாடு பின்ன மல்லிகைப்பூ மாதிரியா மொதலாளி மணக்கும்? பத்து வருசமா இங்கதானே காயப்போடுறன். அதோட, உங்கட பக்கமிருந்துதானே எங்கட பக்கம் காத்து அடிக்குது."

"எனக்குக் காத்தைப் பத்திப் படிப்பிக்க வராதீங்க. மெஷினே சிவப்புக் காட்டுது. மெஷின் பொய் சொல்லுமா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பார்வை அவருடைய தோளுக்கு மேலால் ஹோட்டலின் பின்சுவருக்குப் போனது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே அடங்கியது.

"சரி மொதலாளி. எடுக்கிறன்."

"எப்ப?"

"நாளைக்கு விடிய..."

"நாளைக்கில்ல. ரெண்டு மணித்தியாலம் தாறன். கொட்டில், தட்டி, ஒண்டும் இஞ்ச கிடக்கப்படாது."

"ரெண்டு மணித்தியாலமா மொதலாளி?"

அவள் அதை மட்டும்தான் கேட்டாள். அவர் ஹோட்டலுக்குத் திரும்பி நடந்தார்.

சொன்ன நேரத்துக்குள் வாடி வெறும் மணலானது. கத்தரினா தனி ஆளாகத் தட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு கரையோரமாகப் போவது வரவேற்பறை ஜன்னலில் தெரிந்தது. ஹயாத்து முகம்மது பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் அறையைத் திறந்தார்.

சிவப்பு. நாற்றம் காலையைவிட மோசம்.

இதென்ன சோதனை என்று ஹோட்டலின் பின்பக்கம் போனார். போனவர் அப்படியே நின்றார்.

ஏசியின் வெளிப்பெட்டி சுடுகாற்றை ஊதிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ரெண்டு கல். கல்லுக்கு மேல் அரிசி புடைக்கிற சுளகு ஒன்று. சுளகு நிறையச் சூடை மீன், பாதி காய்ந்தபடி. ஒரு முழம் தள்ளிச் சுவரில், புதுக்காற்றை இழுக்கிற ஓட்டை. அது கருவாட்டு ஆவியைக் கொஞ்சமும் வீணாக்காமல் மூன்றாம் அறைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது.

மெஷின் பொய் சொல்லவில்லை.

"ஜுனைதா!"

ஓடி வந்தவள் சுளகைக் கண்டதும் அழத் தொடங்கினாள்.

"மூணு நாள் மழை நானா, எங்கட வளவெல்லாம் இன்னும் தண்ணி. இந்தப் பெட்டியில சூட்டுக் காத்து சும்மாதானே போகுது எண்டு வெச்சன். பக்கத்தில கிடக்கிறது காத்து இழுக்கிற ஓட்டை எண்டு வல்லாஹி எனக்குத் தெரியா. காலையில நீங்க நாத்தம் எண்டதும்தான் விளங்கிச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல வந்தன், நீங்க கேக்கல்ல. பிறகு கத்தரினாக்காட்ட ஓடினன். 'நீங்க எடுக்காதீங்க, நான் போய் உண்மையச் சொல்றன்' எண்டன். அவ சுளகை முந்தியே கண்டுட்டா. என்னை விடல்ல."

"ஏன் விடல்லயாம்?"

"'வாயத் திறக்காத புள்ள. தட்டி வைக்க எனக்குக் கரை முழுக்கக் கிடக்கு, உனக்கு இந்த ஒரு வேலைதானே' எண்டா. சுளகையும் எடுக்கச் சொன்னா. உங்களுக்குப் பயந்து எனக்குத்தான் இந்தப் பக்கம் வரக் கால் வரல்ல."

ஹயாத்து முகம்மது சுளகைத் தூக்கினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னை நல்லா ஏசியிருப்பா, என்ன?"

ஜுனைதா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"நான்தான் ஏசினன் நானா, மன்னிச்சுக்கங்க. அவ என்னைத்தான் அதட்டினா. 'அந்த மனுசன ஒண்டும் சொல்லாத. அவரையும் ஒருக்கா ரெண்டு மணித்தியாலத்திலதானே ஊரை விட்டு எழுப்பினவங்க. இன்னொருக்கா எழும்ப வேண்டி வருமோ எண்டு பயப்படுறார், பாவம்' எண்டா."