காற்று போகிற வழி

அஃபானின் கார் டிக்கிக்குள் தோள்வரை கையை விட்டிருந்தான் சுரேந்தர். பார்த்தவர்கள், நண்பனுக்கு ஏதோ ஒத்தாசை செய்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவன் ஊஃபர் என்கிற பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியின் ஓட்டைக்குள் பனியன் வேஸ்ட் துணியைத் திணித்துக்கொண்டிருந்தான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் கார் ஷோரூம் வைத்திருக்கும் அரங்கசாமி அன்றைக்கு ஷோரூமை ஒட்டிய மைதானத்தில் ஒரு போட்டி வைத்திருந்தார். சின்ன கார்கள் மட்டும். டிக்கியில் பாதி இடத்தைச் சாமான் வைக்க விட்டுவிட்டு, மீதியில் ஊஃபர் பெட்டி செய்து பொருத்த வேண்டும். ஜெயிப்பவருக்கு ஷோரூமில் விற்கிற எல்லாக் கார்களுக்கும் ஆடியோ மாட்டுகிற வேலை.

சுரேந்தரும் அஃபானும் காந்திபுரத்தில் ஒரே கடையில் தொழில் பழகியவர்கள். ஒரே வருஷத்தில் தனித்தனியாகக் கடை போட்டார்கள். ஆனால் சுரேந்தரின் கடை வாசலில் காரை நிறுத்துகிறவர்கள்கூட, "ஏனுங்க, அஃபான் பாய் கடை எங்கீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

போன வாரம் அவன் மனைவி தேஜஸ்ரீயே கேட்டுவிட்டாள். "நம்ம கார்லயும் அவருகிட்டயே ஒரு பெட்டி போட்டுக்கலாங்களா?" விளையாட்டாகத்தான் கேட்டாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் அஃபான் டிக்கியைத் திறந்து காட்டியபோது அந்த எரிச்சல் நெஞ்சு முழுக்கப் பரவியது. ஊஃபர் பெட்டியில் காற்று போய்வர ஒரு வழி விடுவார்கள். அது நீளமாக இருந்தால்தான் பேஸ் என்கிற அடிச்சத்தம் ஆழமாக இறங்கும். சின்ன டிக்கியில் அந்த நீளத்துக்கு எங்கே போவது? அந்த இடத்தில்தான் சுரேந்தர் முட்டி மோதிக்கொண்டிருந்தான். அஃபான் அந்த வழியை முழங்கை மாதிரி மடக்கி, பெட்டியின் அடியோடு ஓட்டியிருந்தான்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று சுரேந்தர் பல்லைக் கடித்தான்.

"ஆனா என்னமோ முழங்குதுடா" என்றான் அஃபான். "சில பாட்டுல பேஸ் கொரலையே முழுங்கிப்போடுது. உனக்கு ஏதாச்சும் தோணுதா?"

செய்வதையும் செய்துவிட்டுத் தன்னடக்கம் வேறு. "நல்லாத்தான இருக்குது" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான் சுரேந்தர்.

மதியம் அஃபான் கார் சாவியை அவன் கையில் கொடுத்தான். "ஜும்மாவுக்குப் போயிட்டு வாரேன். சித்த பாத்துக்கடா."

அந்த நேரத்தில்தான் இந்த வேலை. துணியை மடக்குக்கு அப்பால் தள்ளி இறுக்கியதும், அந்தப் பெட்டியின் தொண்டையையே நெரித்துவிட்ட மாதிரி இருந்தது. வெளியே இழுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அஃபான் வந்துவிட்டான். கையில் இரண்டு பஃப்ஸ்.

"நீ ஒண்ணுமே தின்னுருக்க மாட்ட. இந்தா."

தின்றுவிட்டு அஃபான் காரை மைதானத்தின் மறுகோடிக்கு ஓட்டிப்போனான். வெகுநேரம் அங்கேயே நின்றான். திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சுரேந்தரின் பஃப்ஸ் பாதி கையிலேயே இருந்தது.

போட்டி தொடங்கியது. அரங்கசாமியே ஒவ்வொரு காரிலும் ஏறி உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். சுரேந்தரின் கார் அதிர்ந்ததில் கண்ணாடி நடுங்கியது. வெளியே நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

அஃபானின் காருக்கு வெளியே சத்தமே இல்லை. யாரோ கொட்டாவி விட்டார்கள். சுரேந்தருக்கு வெகுநாள் கழித்து மூச்சு லேசாக வந்தது. உள்ளே அரங்கசாமி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்தும் அவர் இறங்கவில்லை. இன்னொன்று போடச் சொன்னார்.

கடைசியில் மைக்கைப் பிடித்த அரங்கசாமி சுருக்கமாகவே பேசினார். "வெளிய நிக்கறவனுக்கு இடி இடிக்கோணும்னு நான் கேக்கலீங்க. உள்ள உக்காந்தவனுக்குப் பாட்டுக் கேக்கோணும். மொதப் பரிசு அஃபானுக்குங்க."

சுரேந்தர் அஃபானின் காரையே பார்த்தான். பெட்டியின் தொண்டையை நெரித்தும் அவனே ஜெயிக்கிறானே.

கைதட்டலை விலக்கிக்கொண்டு அஃபான் நேராக அவனிடம் வந்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான். "பெட்டிக்குள்ள துணி வெச்சது நீதானடா?"

சுரேந்தர் ஒரு அடி பின்வாங்கினான்.

"மறுகோடிக்குப் போயிப் பாட்டுப் போட்டதுமே தெரிஞ்சுபோச்சு. கைய விட்டுப் பாத்தேன். உருவிப்போடலாம்னுதான் இருந்தேன். ஆனா முழக்கம் நின்னு, கொரலு தனியா வந்து நிக்குது." அஃபானின் கண் கலங்கியிருந்தது. "காத்தால நான் கேட்டப்ப ஒண்ணுஞ் சொல்லாம இருந்துபோட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் சரி பண்ணி வெச்சிருக்கற. நேர்ல சொன்னா எனக்கு ரோசம் வந்துரும்னு நெனச்சயாக்கும்."

சுரேந்தர் வாயைத் திறந்தான். உண்மை வரவில்லை. பொய்யும் வரவில்லை.

"அஃபான் தம்பி, மேல வாங்க" என்று மேடையிலிருந்து கூப்பிட்டார் அரங்கசாமி.

அஃபான் சுரேந்தரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினான். அவன் கையை உதற உதற விடாமல், அவனை அரங்கசாமியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

"ஜெயிச்சது இவன்தானுங்க."