நாலு இடத்தில் விசாரித்த பிறகு

“பையன் தங்கம். எனக்கு அவன் ஒட்டுமில்ல உறவுமில்ல, இருந்தாலும் உள்ளதச் சொல்லணும்ல” என்றார் பாம்பன் கருவாட்டுக் கடை மரியசெல்வம். சகாயவினோத்தின் சொந்தத் தாய்மாமன் அவர்தான்.

எதிரே நின்றவர் தங்கச்சிமடம் பெஞ்சமின். “இங்கன சகாயவினோத்துன்னு ரிப்போர்ட்டர் ஒருத்தர் இருக்காராம்ல. மக விஷயமா அவரப் பத்தி விசாரிக்கணும்” என்று அவர் ஆரம்பித்ததுதான் தாமதம். மேற்கொண்டு பேசவிடாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு டீயும் சொல்லிவிட்டார் மரியசெல்வம்.

அவர் அவசரம் அவருக்கு. மருமகனுக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது. மதுரையில் போய் ஜர்னலிசத்தில் எம்.ஏ. முடித்து வந்தவனுக்கு ஒன்பது இடத்தில் பெண் பார்த்து ஒன்பதும் தட்டிப்போயிற்று. “ரிப்போர்ட்டர்ங்கிறீங்க, அது சரி, வேலை என்ன பாக்குறாரு?” என்று கேட்டுவிட்டுப் போனவர்கள்தான் அத்தனை பேரும். பத்தாவதையும் கோட்டைவிட்டால் அக்கா முகத்தில் விழிக்க முடியாது.

“படிச்ச உடனே வேலை கெடச்சிருச்சா?” என்று கேட்டார் பெஞ்சமின்.

“படிச்சிக்கிட்டு இருக்கும்போதே தூக்கிட்டாங்க.”

உண்மையில் ரெண்டு வருஷம் சும்மா கிடந்தான். இப்போதும் பேப்பரில் அச்சேறிய செய்திக்கு மட்டும்தான் கூலி. கடல் கொந்தளித்தால்தான் அவனுக்கு அது நல்ல மாதம். மற்ற மாதங்களில் கல்யாண வீடியோ எடுத்துத்தான் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறான்.

“சம்பளமெல்லாம் எப்படி?”

“வாத்தியார் சம்பளத்துக்குக் குறையாது. சென்னையில இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. இவன்தான் அம்மாவ விட்டுட்டு வரமாட்டேங்கிறான்.”

“கூடப் படிச்சவங்க?”

“எல்லாம் டிவியில இருக்காங்க.” ஒருத்தன் ராமநாதபுரத்தில் டிவி விற்கிற கடையில் இருந்தான். ஆகவே இது முழுப் பொய் ஆகாது என்று மரியசெல்வம் மனதைத் தேற்றிக்கொண்டார்.

“இப்ப செய்தியெல்லாம் கம்ப்யூட்டரே எழுதுதுங்கிறாங்களே. நாளைக்கு இந்த வேலை இருக்குமா?”

“கம்ப்யூட்டரு வந்து பாம்பன் பாலத்துல நனைஞ்சுக்கிட்டு போட்டோ எடுக்குமாக்கும்.” இந்தப் பதில் அவருக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

“பொம்பளப் பிள்ளைகளும் அந்த வேலையில இருக்காங்களா?”

ஆள் ஒழுக்கத்தில் கை வைக்கிறார் என்று உஷாரானார் மரியசெல்வம். “நெறைய இருக்காங்க. எல்லாருக்கும் நல்ல மரியாத. இவன் அவங்கள நிமிந்துகூடப் பாக்கமாட்டான்.”

பெஞ்சமின் எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டார். பையன் குடிப்பானா என்று கேட்கவில்லை. சொந்த வீடா, வாடகையா என்று கேட்கவில்லை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுசனா என்று மரியசெல்வத்துக்கு நெஞ்சே இளகிவிட்டது.

“பிள்ளை என்ன படிச்சிருக்கு?”

“பிளஸ் டூ முடிச்சிட்டா.”

எம்.ஏ.வுக்குப் பிளஸ் டூ கொஞ்சம் குறைச்சல்தான். ஒன்பது இடம் தட்டிப்போன வீட்டில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா, என்ன.

ஐஸ் கம்பெனி, வலைக் கடை, சலூன் என்று இன்னும் மூன்று இடத்தில் பெஞ்சமின் விசாரித்தார். மூன்று இடத்திலும் பையன் ஓகோ என்று இருப்பதாகவே சொன்னார்கள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்கிற பயம் அந்த ஊரில் எல்லோருக்கும் உண்டு.

விஷயம் தெரிந்த சகாயவினோத்துக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. “ஏன் மாமா, இதையெல்லாம் நம்பி ஒரு பொண்ணு வந்து ஏமாறணுமா? நானே போயி உள்ளதச் சொல்லிட்டு வாரேன்.”

“ஏலே, பேப்பர்ல எழுதுறப்ப உண்மைய எழுது. இப்ப வாய மூடிக்கிட்டு இரு.”

மூடிக்கொண்டுதான் இருந்தான். வெட்கமாக இருந்தது. ஆனால் ஒன்பது முறை அவமானப்பட்டவனுக்கும் ஆசை என்று ஒன்று இருக்குமல்லவா? ராமநாதபுரம் போய்ப் புதுச் சட்டை எடுத்து வந்தான்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பெஞ்சமின் போன் செய்துவிட்டு வீட்டுக்கே வந்தார். கூடவே மகள் பிரெசில்லா. மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணையே கூட்டிவருவது ஊரில் இல்லாத வழக்கம். காலம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டே சகாயவினோத்தின் அம்மா கேசரி கிண்டினாள். மரியசெல்வம் மட்டும் முகத்தைக் காட்டாமல் உள்ளறைக் கதவோரம் நின்று காதைக் கொடுத்தார்.

பெஞ்சமின் லட்டு டப்பாவைச் சகாயவினோத்தின் கையில் வைத்தார். “நாலு இடத்துல விசாரிச்சேன் தம்பி. ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லல. அதான் மேற்கொண்டு யோசிக்காம முடிவு பண்ணிட்டோம்.”

சகாயவினோத் ஒரு கையால் புதுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். “உங்களுக்கும் இதுல முழுச் சம்மதம்தானே?” என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டான்.

பிரெசில்லா தலையைக் குனியவில்லை. பளிச்சென்று சிரித்தாள்.

“சம்மதமாவா, கெடச்ச நர்சிங் சீட்டையே வேண்டாம்னுட்டு ஜர்னலிசத்துல சேந்துட்டேன்ணே.”