இரண்டாம் மாடி மணி

“மறுபடியும் அவசர மணி அடிச்சீங்களா பெரியவரே?” முதியோர் குடியிருப்பின் மேனேஜரம்மா வாசலிலேயே நின்று கேட்டாள்.

“ஆமாம்மா. நெஞ்சு படபடன்னு வந்துச்சு” என்றார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

“உங்க நெஞ்சு இன்னும் பத்து வருஷம் பஸ் ஓட்டும்னு டாக்டர் சொல்லிட்டார். தினமும் மத்தியானம் மணி அடிக்கிறீங்க, பாவம், நர்ஸ் ஓடி வர்றா. இனி சும்மா அடிச்சா, கீழே நோயாளிகள் வார்டுக்கு மாத்திடுவேன். இந்தத் தனி ரூம், ஜன்னல், டி.வி. எல்லாத்துக்கும் டாட்டா!”

டிரைவர் தன் சாய்வு நாற்காலியின் தூசியைத் தட்டினார்.

மறுநாள் மதியமும் மணி அலறியது. ஓடிய நர்ஸ் அரை மணி நேரமாகியும் கீழே வராததால், மேனேஜரம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்து கதவைப் படாரென்று திறந்தாள்.

“ஷ்ஷ்... மெதுவாம்மா!”

டிரைவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவருடைய சாய்வு நாற்காலியில் நர்ஸ் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வீங்கிய பாதங்கள் அவருடைய தலையணைமேல் இருந்தன.

“ஏழு மாசக்காரி. டியூட்டியில உட்காரக் கூடாதுன்னு ரூல் போட்டிருக்கீங்க. மணி அடிச்சவங்களுக்குப் படபடப்பு அடங்குற வரைக்கும் பக்கத்துல உட்காரணும்னும் நீங்கதான் போட்டிருக்கீங்க. அதான் அடிச்சேன். என்னை மாத்துறதுன்னா மாத்துங்க. ஆனா அவ எழுந்தப்புறம்.”

மேனேஜரம்மாவின் குரல் இறங்கியது. “மணியெல்லாம் வேண்டாம். சாயங்காலமே வராந்தாவுல அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்றேன்.”

“வராந்தாவுலயா?” டிரைவர் பதறினார். “இங்கேயே போடுங்கம்மா! நான் பஸ் ஓட்டின கதையைக் கேட்டாதான் அவளுக்குத் தூக்கமே வருது!”