பின்சீட்டின் இடப்பக்கம்

திலகவதியின் பழைய காரில், பிரேக்கில் கோளாறு என்று எச்சரிக்கும் ஏபிஎஸ் விளக்கு சில நாள் எரியும், சில நாள் எரியாது. மெக்கானிக் அப்பாஸ் கருவியை மாட்டிப் பார்த்தார். இடது பின்சக்கரத்தின் சென்சாரில் கோளாறு என்று அது காட்டியது. சென்சாரை மாற்றிய பிறகும் விளக்கு எரிந்தது. ஆனால் அவர் தனியாக ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் எரியவே இல்லை.

எந்தெந்த நாளில் எரிந்தது என்று யோசித்துக்கொண்டே நின்ற திலகவதிக்குச் சட்டென்று ஒன்று பிடிபட்டது. பட்டறை வாசல் பெஞ்சில் அவள் கணவர் சபாபதி உட்கார்ந்திருந்தார். மகள் கல்யாணத்தில் வந்த சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எங்கே போனாலும், வாடகை வண்டியில் போகிறவரைப்போலப் பின்சீட்டின் இடப்பக்கம்தான் உட்காருவார்.

“அவரைப் பின்னாடி ஏறச் சொல்லுங்க” என்றாள் அப்பாஸிடம்.

சபாபதி ஏறினார். தெருமுனைப் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதும் விளக்கு எரிந்தது. அப்பாஸ் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். அந்த மூலையில் பாரம் ஏறி வண்டி தாழும்போதெல்லாம், சென்சாருக்குப் போகும் ஒயர் இழுபட்டது.

“புது ஒயர் வர ஒரு வாரம் ஆகுங்க. அதுவரைக்கும் அங்க யாரும் உக்கார வேண்டாம்.”

சபாபதி பின்சீட்டிலிருந்து இறங்கினார். பிறகு முன்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வீடு வரும்வரை விளக்கு எரியவில்லை. எரிகிறதா என்று இருவருமே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த வாரம் ஒயர் வந்துவிட்டதென்று அப்பாஸ் போன் செய்தார். திலகவதி மாவு பிசைந்துகொண்டிருந்ததால் சபாபதி எடுத்தார்.

“அவசரம் ஒண்ணுமில்லைங்க” என்றார். “மெதுவா வர்றோம்.”